பெந்தெகொஸ்தேக்கு முன் திறக்காத ஜாடி

இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்வார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. அங்கே தெருவுக்குத் தெரு பீர் ஆலை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வேகிற வாசனை, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தால் அதிலும் அதே வாசனை. அப்படிப்பட்ட ஊரில் கிளெமென்ட் டனிக்ளிஃப் தன் வீட்டுப் பின்கட்டில், துணி வேகவைக்கிற செப்பு அண்டாவில், வருஷத்துக்கு ஒரு தடவை சொந்தமாகப் பீர் காய்ச்சினான். தெருக்காரர்கள் விடுவார்களா?

"ஏன் கிளெம், மீன் மார்க்கெட்டுக்குள்ளயே குடியிருந்துக்கிட்டு தூண்டிலத் தூக்கிட்டுக் கிளம்பிட்டியாமே?" என்பான் பக்கத்து வீட்டு ஆல்பி.

"நீ குடிக்கிறது போன வாரம் காய்ச்சினது. நான் குடிக்கப்போறது போன வருஷம் காய்ச்சினது. வித்தியாசம் உன் நாக்குக்குத் தெரியாது, போ," என்பான் கிளெம்.

காத்திருப்பது அவன் ரத்தத்தில் ஊறியது. காத்திருக்க வைப்பது அவன் உத்தியோகம். பீர் ஆலைகளின் சரக்கு ரயில் ஊரின் பெரிய கடைத்தெருவைக் குறுக்கே கடந்துதான் போகும். அந்த ரயில்வே கேட்டை மூடித் திறப்பது கிளெமின் வேலை. பீப்பாய் ஏற்றிய வண்டிகள் ஆடி அசைந்து போகிற வரைக்கும் கடைத்தெருவே நிற்கும். டாக்டர் நிற்பார், பால்காரன் நிற்பான், கல்யாணப் பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை சவ வண்டியே நின்றது. "இவருக்கு இனிமே என்னப்பா அவசரம்?" என்று கேட்டுவிட்டு, கடைசி வண்டி கடந்த பிறகுதான் கேட்டைத் தூக்கினான். இதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. பிற்பாடு லாரி வந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், கேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். கிளெமின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, ஓய்வு பெறும் வரைக்கும் ஓர் ஆலையின் கிடங்கில் கூட்டச் சொன்னார்கள். அவனும் முணுமுணுக்காமல் கூட்டினான்.

அவன் மனைவி ஹெட்டி வேறு ரகம். கல்யாணத்துக்கு முன்னால் அதே ஆலையில் பாட்டில் அடைக்கிற பெண்ணாக இருந்தவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் பேசித் தீர்த்ததும் இல்லை, பேசிப் பெரிதாக்கியதும் இல்லை. இரண்டு தெரு தள்ளி அவள் தங்கை ஐவி இருந்தாள். கல்யாணம் ஆகாதவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவள், கிளெமை நேருக்கு நேர் திட்டுகிற உரிமை உள்ளவள்.

பீர் வந்ததும் ஹெட்டியின் வழியாகத்தான். அவள் அம்மாவின் வீடு காட்டோரத்துப் பண்ணை. அங்கே அறுவடை முடிந்து வீரியமான பீர் ஒன்று போடுவார்கள். சாதாரணப் பீருக்கு எடுப்பதைப்போல் இரண்டு மடங்கு மால்ட், கசப்புக்குக் கை நிறைய ஹாப்ஸ் பூ. அம்மாக்காரி வயதாகி மகள் வீட்டோடு வந்தபோது அந்தப் பக்குவத்தையும் கூடவே கொண்டு வந்தாள். கிளெம் அதைப் பிடித்துக்கொண்டான்.

ஈஸ்ட் போட்டதும் எழும் முதல் நுரைப்பு அடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாளியில் நுரை தலைக்கு மேல் எழும்பி, ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டு உட்காரும். அவசரக்காரர்கள் அதோடு பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். கிளெம் அடியில் படிந்த மண்டி கலங்காமல், ரப்பர் குழாய் வைத்து இழுத்து, மேலே தெளிந்ததை மட்டும் பெரிய கண்ணாடி ஜாடிக்கு மாற்றுவான். கழுத்து வரைக்கும் நிரப்புவான். காற்று நிற்க இடம் விட்டால் பீர் காடியாகிவிடும். வாயில் தக்கை, தக்கையில் வளைந்த கண்ணாடிக் குழாய், குழாயின் வளைவில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே இருக்கும் வாயு அந்தத் தண்ணீரைக் குமிழியாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சம் படாமல் பழைய ரயில்வே மேல்கோட்டைப் போர்த்தி, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறையில் வைத்துக் கதவைச் சாத்துவான். அக்டோபரில் சாத்துகிற கதவு. ஈஸ்டர் கழிந்து ஏழு வாரத்தில் வருகிற பெந்தெகொஸ்தே ஞாயிறு வரைக்கும் அந்த ஜாடியை யாரும் தொடக்கூடாது.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் வாயளவில் தெரியும். கிளெமுக்கு அதுதான் மதம். மாதாகோவிலுக்குக்கூட அவன் இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை. பெந்தெகொஸ்தே அன்றைக்கு ஜாடியைத் திறந்து, மிச்சத்தைப் பாட்டிலில் அடைப்பதற்கு முன்னால், முதல் கிளாஸை ஹெட்டியிடம் நீட்டுவான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இவன் தவிப்பான். கடைசியில், "போன வருஷத்துக்கு இது தேவலை," என்பாள். ஒவ்வொரு வருஷமும் அதே வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் எட்டு மாதம் பொறுத்திருந்தான் என்று சொன்னால் தப்பில்லை.

பெந்தெகொஸ்தேக்கு முன்னால் ஜாடியைத் திறப்பதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. அதுவும் பண்ணை வீட்டு வழக்கம்தான். அந்தப் பெந்தெகொஸ்தேயைப் பார்க்க மாட்டார் என்று தெரிந்துவிட்டவருக்கு, அவர் பங்கை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஜனவரியில் ஹெட்டியின் அம்மாவே வாய்விட்டுக் கேட்டாள். "என் பங்கக் கொண்டாந்துடு மாப்ள. மே மாசம் வரைக்கும் எவ இருப்பா?" என்றாள். கிளெம் ஜாடியிலிருந்து ஒரு கூஜா எடுத்தான். எடுத்த அளவுக்கு ஜாடியில் பள்ளம் விழுமே, காற்று நிற்குமே என்று, கண்ணாடிக் கோலிகளைக் கொதிக்க வைத்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக் கழுத்து வரைக்கும் மட்டத்தை ஏற்றினான். கிழவி படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகக் குடித்தாள். குடித்துக்கொண்டே பேசினாள். யாருக்கு என்ன நகை, யார் மேல் என்ன வருத்தம், எந்தப் பாட்டைப் பாடிப் புதைக்க வேண்டும், எல்லாம் சொன்னாள். ஹெட்டியும் ஐவியும் அவள் மடியில் விழுந்து அழுதார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். ஒரு வாரத்தில் கிழவி போய்ச் சேர்ந்தாள். நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே அந்த வீட்டில் ஜாடியை முன்கூட்டித் திறந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இது நடந்து பல வருஷம் கழித்து, ஓர் அக்டோபரில் வழக்கம்போல் பீர் போட்டார்கள். ஹெட்டிதான் வடிதுணியைப் பிடித்துக்கொண்டாள். ஜாடி அறைக்குள் போன பிறகு அவளுக்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. மோதிரம் விரலில் சுழன்றது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் ரென்ஷா கிளெமை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"மிஸ்டர் டனிக்ளிஃப், புத்துநோய். ஈரல் வரைக்கும் போயிடுச்சு. வசந்த காலத்தத் தாண்டுறது கஷ்டம்," என்றார். "அவங்ககிட்ட சொல்லாதீங்க. வயித்துப் புண்ணுன்னு சொல்லியிருக்கோம். தெரிஞ்சா மனசு விட்டுடும்."

அந்தக் காலத்தில் அப்படித்தான். புருஷனிடம் சொல்வார்கள், பெண்டாட்டியிடம் மறைப்பார்கள். டாக்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ரயில் வரும்போது கேட் மூடியிருக்க வேண்டும் என்பதைப் போலத்தான் கிளெம் அதை எடுத்துக்கொண்டான். உத்தரவு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, "புண்ணு ஆற நாளாகுமாம்," என்றான்.

"அப்படியா," என்றாள் ஹெட்டி. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கெட்டிலைப் பார்த்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குக் கிளெமை விட லாயக்கில்லாதவன் அந்த ஊரிலேயே இல்லை. திடீரென்று அவளுக்குத் தலையணையைத் தட்டிக் கொடுத்தான். கேட்காமலே கணப்பில் கரி போட்டான். ஐவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை, ஆனால் அவள் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அவகிட்ட சிரிச்சுப் பேசு," என்று எச்சரித்தான். ஐவி அன்றைக்கே புரிந்துகொண்டாள்.

மாடி ஏற முடியாமல் போனதும் ஹெட்டியின் கட்டிலைக் கீழே கணப்பு அறைக்குக் கொண்டு வந்தார்கள். படுத்தால் எதிரே மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவு. வீடு அமைதியாக இருக்கும்போது உள்ளே ஜாடியின் குழாயில் குமிழி உடைகிற சத்தம் கேட்கும். 'பொளக்' என்று ஒன்று, நீண்ட நேரம் கழித்து இன்னொன்று.

"ரொம்ப மெதுவாயிடுச்சு, இல்ல?" என்றாள் ஒருநாள்.

"குளிருல அப்படித்தான். சூடு வந்தா திரும்ப எழும்பும்."

"ஒரு வாய் குடு கிளெம். எப்படி வந்திருக்குன்னு பாப்போம்."

கிளெம் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "இப்பவா? பச்சையா கெடக்கும். நாக்கு வெந்துடும். பெந்தெகொஸ்தேக்கு நீதானே மொதல்ல குடிக்கப்போற?"

"ஆமா, நான்தான்," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

இது ஜனவரி. பிப்ரவரியில் மறுபடியும் கேட்டாள். அன்றைக்கு வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. கிளெம் அவளுக்கு முட்டைக் கஸ்டர்டு ஊட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கரண்டிக்கு மேல் போகவில்லை. எல்லாம் தகரம் மாதிரி ருசிக்கிறது என்று தட்டைத் தள்ளினாள்.

"அம்மாவுக்கு எடுத்துக் குடுத்தியே," என்றாள்.

கரண்டி தட்டில் தட்டியது. "அது வேற."

"என்ன வேற?"

அவன் கஸ்டர்டைக் கிளறினான்.

"கிளெம். கண்ணு. இங்க பாரு. அது என்ன வேற?"

பெண் ஒருத்தி இதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பாள்? நான் சாகப்போகிறேனா என்று நேரே கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று அவளுக்குத் தெரியும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாள். ஜாடியைத் திற, அம்மாவுக்குச் செய்ததை எனக்கும் செய், கூட உட்கார், பேசுவோம் என்று கேட்டாள். கிளெம் மடையன் அல்ல. அவனுக்கும் புரிந்தது. புரிந்ததனால்தான் எழுந்தான். "கரி தீந்துபோச்சு, எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கரிவாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்ததை இருவருமே பார்த்தார்கள்.

மறுநாள் அவள் தூங்கும்போது கிளெம் அந்தக் கதவைத் திறந்தான். கையில் கூஜா இருந்தது, வெந்நீரில் அலசிய ரப்பர் குழாய் இருந்தது. மேல்கோட்டை விலக்கினான். ஜாடி இருட்டில் கறுப்பாக நின்றது. தக்கையில் கை வைத்தான். உருவினால் முடிந்தது, அதற்குப் பிறகு வாயைத் திறந்து எதுவும் சொல்லவே வேண்டாம், கூஜாவைக் கொண்டுபோய் நீட்டினால் போதும். ஆனால் உருவினால் அவள் சாகப்போகிறாள் என்பது நிஜமாகிவிடும். இதுவரைக்கும் டாக்டர் சொன்ன சொல்லாக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பெந்தெகொஸ்தே வரும் வரைக்கும் ஹெட்டி இருப்பாள், முதல் கிளாஸ் அவளுக்கு என்கிற அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவனே காலையில் எழுந்துகொண்டிருந்தான். விரல்கள் தக்கையில் இருக்க, அவன் பயந்தான். வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. குழாயின் வளைவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கோட்டைத் திரும்பப் போர்த்தி, கதவைச் சாத்தினான்.

ஆனால் அவள் கேட்டதைக் கொடுக்கவில்லை என்கிற உறுத்தலும் விடவில்லை. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை. தொப்பியை மாட்டிக்கொண்டு மூலைக் கடைக்குப் போய், ஆலைக்காரர்கள் குளிர்காலத்துக்கென்று போடுகிற வீரியமான பீர் ஒரு பாட்டில் வாங்கினான். நிறமும் கிட்டத்தட்ட அதேதான். பின்கட்டில் பாட்டிலை வெந்நீரில் ஊற வைத்து, ஆலைப் பேர் போட்ட சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். பெந்தெகொஸ்தேக்கு ஹெட்டி குடிக்கிற கிளாஸில் ஊற்றினான்.

"ஹெட்டி, என்ன கெடச்சிச்சு சொல்லு. போன வருஷத்தது ஒரு பாட்டில், கரி மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சு கெடந்துச்சு. நல்லவேளை ஆல்பி கண்ணுல படல."

போன வருஷத்துப் பீர் என்றால் அதில் அர்த்தம் எதுவும் இல்லை. ஜாடியைத் திறக்கவில்லை, சாவைப் பற்றிப் பேச்சில்லை, ஆசைப்பட்டவளுக்குப் பீரும் கிடைத்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அவன் நினைத்தான். எல்லாம் தகரமாக ருசிக்கிறவளுக்கு எது தெரியப்போகிறது?

ஹெட்டி தலையணையில் சாய்ந்து கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கூரையைப் பார்க்கவில்லை, கிளெமைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போன வருஷத்ததா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சு இல்ல, போன வருஷத்தது," என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "தேங்க்ஸ் கிளெம். நீ ரொம்ப நல்லவன்."

கிளெமுக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஐவியிடம்கூட, "இன்னிக்கு ரெண்டு வாய் பீர் குடிச்சா!" என்று பெருமையாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஹெட்டி ஜாடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. திரைச்சீலையைத் துவைக்க வேண்டும் என்றாள். ஆல்பியின் பூனை குட்டி போட்டதா என்று கேட்டாள். பெந்தெகொஸ்தேக்கு யாரை அழைக்கலாம் என்று கிளெம் ஆரம்பித்தால், "அழைக்கலாமே," என்பாள். அவன் பேசப் பேச அவள் தலையாட்டினாள். ஐவி பகலில் வந்து உட்கார்ந்தால் மட்டும், "நீ போய்க் கடைகிடைக்குப் போயிட்டு வாயேன் கிளெம்," என்று அவனை வெளியே அனுப்புவாள். அவன் திரும்பி வரும்போது ஐவியின் கண் சிவந்திருக்கும். சளி என்பாள் ஐவி.

மார்ச்சில், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், ஹெட்டி, "கதவு சரியா சாத்தல போல, குளிருது," என்றாள். கிளெம் போய்ச் சாத்திவிட்டு வந்தான். அவ்வளவுதான். அவர்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு கதவைப் பற்றியது. அதன் பிறகு மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது, அதுவும் நின்றது.

அடக்கம் முடிந்து வீட்டில் பன்றித் தொடை இறைச்சியும் ரொட்டியும் டீயும் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளெமின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஐவி மட்டும் பின்கட்டில் கப்புகளைக் கழுவ, கிளெம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு மட்டும் நெனச்சு ஆறுதல்பட்டுக்கலாம் ஐவி," என்றான். "அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நிம்மதியா போனா."

ஐவி கப்பைத் தண்ணீருக்குள் போட்டாள். "நீ இதச் சொல்லாம இருந்திருந்தா நானும் வாயத் தெறந்திருக்க மாட்டேன்," என்றாள். "அவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கே தெரியும். கெட்டிலப் பாத்துக்கிட்டு 'புண்ணு' ன்னு சொன்னியாமே!"

கிளெமின் கையில் துண்டு நின்றது.

"உன் கையால அந்த ஜாடியத் தெறக்க வைக்கணும்னு எத்தனை நாள் பாத்தா தெரியுமா? அம்மாவுக்கு நடந்த மாதிரி நடக்கணும்னு அவளுக்கு ஆச. நீ கடைப் பீர வாங்கிட்டு வந்து போன வருஷத்ததுன்னு நீட்டுற. அவ பாட்டில் பாட்டிலா அடைச்ச பீரு அது. சின்னப் பொண்ணா இருந்தப்ப ராத்திரி வீட்டுக்கு வந்தா அவ பாவாடையெல்லாம் அந்த வாசனைதான் அடிக்கும். தகரம் ருசிச்ச நாக்குக்குக்கூட அது தெரியாமப் போகுமாடா?"

"ஏன் சொல்லல?" என்றான் கிளெம். "அவ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"'பாவம், அவனால முடியல ஐவி. விட்டுடு, நம்பிக்கிட்டே இருக்கட்டும்' னா. நீ நிம்மதியா இருக்கணும்னு அவ நடிச்சா, அவ நிம்மதியா இருக்கணும்னு நீ நடிச்ச. நல்ல கூத்து." ஐவி ஈரக் கையை உதறினாள். "உன்கிட்ட அழ வேண்டிய அழுகைய எல்லாம் என்கிட்ட அழுதுட்டுப் போயிட்டா. பொறக்காமப் போன புள்ளையப் பத்திப் பேசினா. நீ தனியா என்ன சாப்பிடுவேன்னு பேசினா. உன்னக் கட்டினதுல ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லன்னு சொன்னா. எனக்கு எதுக்குடா அதெல்லாம்? நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?"

கப்புகளைப் பாதியில் விட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மீதியைக் கிளெம் கழுவினான்.

ஏப்ரல் முழுவதும் அவன் அந்த அறைக் கதவைத் திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் வற்றட்டும், காடியாகிப் போகட்டும், எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று இருந்தான். தனியாக இருக்கும்போது உள்ளிருந்து 'பொளக்' என்று கேட்டால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவான். ஆல்பி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான், வரவில்லை. கடையில் வாங்கிய ஓட்ஸ் ரொட்டியைச் சூடாக்காமலே தின்றான், சவரம் செய்ய மறந்துபோனான்.

பெந்தெகொஸ்தே அன்றைக்கு, கூப்பிடாமலே ஐவி வந்தாள். பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கூடையில் இருந்தன. ஆல்பியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தெற," என்றாள்.

"வேண்டாம் ஐவி."

"அவ கேட்ட சாமான் அது. கொட்டுறதுக்கு உனக்கு உரிமையில்ல. தெற."

திறந்தான். குழாயில் தண்ணீர் அடியில் துளி ஒட்டிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கெட்டிருக்கும். கெடவில்லை. மூன்று கிளாஸில் ஊற்றினான். வெளிச்சத்தில் பார்த்தால் பழைய சிவப்பு மரத்தின் நிறம். உலர்ந்த திராட்சையும் சற்றுக் கருகிய சர்க்கரையும் கலந்த வாசனை.

ஆல்பி குடித்துவிட்டு மேஜையைத் தட்டினான். "டேய் கிளெம், இதுவரைக்கும் நீ போட்டதெல்லாம் கழுநீர்டா. இதான் பீரு!"

உண்மைதான். கிளெம் வாழ்நாளில் போட்டதிலேயே சிறந்தது அதுதான். நாக்கில் பட்டதும் அவனுக்கே தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் அது நன்றாக இருந்ததை அவனால் தாங்க முடியவில்லை.

ஐவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை மேஜையில் வைத்தாள். "பிப்ரவரியில எடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்?"

"பிப்ரவரியில எங்க? அப்ப பச்சையா..." என்று ஆல்பி தொடங்கினான்.

"நான் உன்னக் கேக்கல."

பச்சையாக இருந்திருக்கும், வாயில் வைக்க விளங்காது என்று கிளெம் சொல்லியிருக்கலாம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் மறுத்துப் பேசியிருக்க முடியாது. இன்னொரு வாய் குடித்தான், அவசரப்படாமல் விழுங்கினான்.

"கொஞ்சம் முரடா இருந்திருக்கும்," என்றான். "குடிச்சிருக்கலாம். அவளுக்குப் பிடிச்சிருக்கும்."

அதைச் சொல்லிவிட்டு மேஜை மேல் கவிழ்ந்து அழுதான். அடக்கத்தன்றுகூட அழாதவன், தோள் குலுங்கக் குலுங்க, சத்தம் போட்டு அழுதான். ஆல்பி தொப்பியை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவினான். ஐவி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து கிளெம் ஆரம்பித்தான். பயந்தது, தக்கையில் கை வைத்தது, கரிவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது, பிறக்காமல் போன பிள்ளைக்கு அவன் மனசுக்குள் வைத்திருந்த பேர், ஹெட்டி இல்லாமல் வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பது, எல்லாம் சொன்னான். சாயங்காலம் வரைக்கும் சொன்னான். ஐவி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதும் இவன் சொன்னதும் இப்போது அவள் ஒருத்தியிடம்தான் இருந்தன.